பையும் ஓடட்டும்!

குறுக்கோட்டப் போட்டிக் காலம் நெருங்கும் வேளையில், ஆசிரியர்களும் பெற்றோரும் சிந்திக்க வேண்டிய ஒன்றை இங்கே எழுதுகிறேன். இதில் என் தவறும் அடங்கியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. முன்பு பால்மரக் காடாக இருந்து இன்று செம்பனையாகிவிட்ட தோட்டத்துச் செம்மண் சாலைதான் எங்கள் ஓட்டப் பாதை. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் இடுப்பில் சிறு பையுடன் வந்து நின்றான். அவனுக்கு முதல் வகை நீரிழிவு. “தம்பி, ஓடும்போது இடிக்கும், என்னிடம் கொடு” என்றேன். “அம்மா கழற்றக் கூடாது என்றார்கள் ஐயா” என்று தயங்கினான். நானோ வாங்கி வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் கிலோமீட்டரில் ஒரு செம்பனை மரத்தடியில் அவன் உட்கார்ந்துவிட்டான். கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. பாதைக் கண்காணிப்பில் இருந்த ஆசிரியை அருகில் இருந்த வீட்டில் சர்க்கரை நீர் வாங்கிக் கொடுத்தார். பையன் தேறினான். பையோ முடிவுக் கோட்டில் என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. ஓடி வந்த தாயார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “பை எங்கே ஐயா?” என்று மட்டும் கேட்டார்.

மறு ஆண்டு அவன் ஓட அனுமதிக்கப்படவில்லை. முடிவுக் கோட்டில் எண் எழுதும் வேலை தரப்பட்டது. பாதுகாப்பு என்றார்கள். இஃது இரண்டாவது தவறு என்பேன்.

நம் மக்கள் ‘இனிப்புநீர்’ என்றாலே அதிகம் இனிப்பு தின்றதால் வந்த நோய் என்று எண்ணுகின்றனர். முதல் வகை அவ்வாறன்று. உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. இதில் பிள்ளையின் குற்றமோ பெற்றோரின் குற்றமோ இல்லை. 1922 சனவரியில் டொரோன்டோவில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும் வரை இந்நோய் உயிர்கொல்லியாகவே இருந்தது. இன்று அப்படியில்லை.

ஓடும்போது தசைகள் குருதியிலுள்ள சர்க்கரையை விரைந்து இழுத்துக்கொள்கின்றன. மற்றவர் உடலில் அவ்வேளை இன்சுலின் சுரப்பு தானே குறையும். ஊசியால் செலுத்திய இன்சுலினையோ திரும்பப் பெற முடியாது. அதனால்தான் சர்க்கரை திடீரென இறங்குகிறது. அதற்குரிய மருந்து பிள்ளையின் இடுப்பில் இருக்க வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் ஆசிரியரிடம் இருந்து பயனில்லை.

வாசிம் அக்ரமைக் கிரிக்கெட் பார்த்த பெற்றோர் அறிவர். 1997இல் இந்நோய் கண்ட பின்னும் பந்து வீசி, 2003 உலகக் கிண்ணத்தில் ஒருநாள் ஆட்டங்களில் 500 விக்கெட்டுகளைத் தொட்டார். கனடாவின் செபஸ்தியான் சாஸ்வில் இதே நோயுடன் 2012இல் சகாரா பாலைவனத்தில் 250 கிலோமீட்டர் ஓடி முடித்தார். தேவையான பொருள்களைத் தாமே சுமந்து ஓட வேண்டிய போட்டி அது. அவர் முதுகில் பை இருந்ததால் எவரும் அவரைத் தடுக்கவில்லை.

பையில் என்ன இருக்க வேண்டும்? குளுக்கோஸ் வில்லைகள் அல்லது குளுக்கோஸ் மாவு. சர்க்கரை அளக்கும் கருவி, பட்டைகள், ஊசி. நோயையும் பெற்றோரின் தொலைபேசி எண்ணையும் குறித்த அட்டை. வியர்வையில் நனையாதபடி பட்டைகளை நெகிழிப் பையில் இட வேண்டும். இன்சுலின் வெயிலில் கெடும். அதனை நிழலில், குளிர்காப்புப் பையில் ஆசிரியர் வைத்திருக்கலாம். சாக்லெட் வேண்டா, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். பொட்டலப் பானமாயின் சீட்டைப் படியுங்கள். 2019இல் சர்க்கரை வரி வந்த பின் பல பானங்களில் இனிப்பு குறைந்துவிட்டது. 100 மில்லிலிட்டருக்கு 5 கிராம் என்றால் 200 மில்லிலிட்டர் பொட்டலத்தில் 10 கிராம்தான் கிடைக்கும்.

ஓடுமுன் சர்க்கரையை அளக்க வேண்டும். 7 முதல் 10 வரை இருப்பது நன்று. 5க்குக் கீழ் என்றால் முதலில் உண்ண வேண்டும். ஓட்டத்தில் 4க்குக் கீழ் இறங்கினால் நின்று, குளுக்கோஸ் உண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். பிள்ளைக்குரிய அளவை மருத்துவரே கூறுவார். நினைவிழந்த பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; 999ஐ அழையுங்கள். அன்றிரவு தூக்கத்திலும் சர்க்கரை இறங்கக்கூடும். படுக்குமுன் அளப்பது பெற்றோர் கடமை.

பெற்றோரே, நோயை மறைக்காதீர்கள். பெண்பிள்ளையின் திருமணத்தை எண்ணி மறைப்போரும் உண்டு. மறைத்தால் பாதையில் நிற்கும் ஆசிரியருக்கு எதுவும் தெரியாது. ஆசிரியர்களே, ஓட்டத்திற்கு முன் அப்பிள்ளையின் தாயாரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். பாதைக் கண்காணிப்பாளர் ஒவ்வொருவரிடமும் ஒரு பொட்டலம் குளுக்கோஸ் கொடுங்கள்.

அந்த மாணவன் எண் எழுதிக்கொண்டிருந்த நாளில், முடிவுக் கோட்டைத் தாண்டிய ஒவ்வொருவரின் காலையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த பிள்ளையிடமிருந்து பையை வாங்க மாட்டேன்.