தீங்கு நேருமுன் செலவிடுக!

குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தபின் அரசு வருகின்றது. காவலர் வருகின்றனர், மருத்துவர் வருகின்றனர், வழக்குமன்றம் கூடுகின்றது, குற்றமிழைத்தவன் சிறைபுகுகின்றான், இழப்பீடும் ஒருநாள் வந்து சேர்கின்றது. இவையெல்லாம் வேண்டுவனவே. ஆயின், அத்தீங்கு நேராமற் காத்தற்கு அரசு ஒதுக்கும் பணம் எவ்வளவு? இவ்வினாவைக் கேட்பார் அரியர். விடை சொல்வார் அவரினும் அரியர்.

பல்லாண்டுகட்கு முன் யாம் பணியாற்றிய பள்ளியில், ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நாடோறும் முதற்பாட வேளையிலேயே உறங்கிவிடுவாள். யாமும் உண்மையறியாது பன்முறை கடிந்துகொண்டோம். பின்னரே தெரிந்தது. தாய் நள்ளிரவிலேயே செங்கற்சூளைக்குச் சென்றுவிடுவாள். தந்தை குடிகாரன். அவனோடு வரும் கூட்டாளிகட்கு அஞ்சி, இரண்டு அகவைத் தம்பியை மடியிலிட்டுக்கொண்டு விடியுமட்டும் விழித்திருப்பவள் இவள். யாம் உரிய அலுவலகத்திற்குச் சென்று முறையிட்டோம். “குற்றம் ஏதேனும் நடந்ததா?” என்றனர். இல்லை என்றோம். “நடந்தால் எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றனர்!

இஃது ஒரு வீட்டுச் செய்தியன்று. 2007-இல் நடுவணரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளை வினவி வெளியிட்ட ஆய்வில், மூவரில் இருவர் அடியுதைக்கு ஆளானமையும், பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் தீங்குக்கு உட்பட்டமையும் வெளிப்பட்டன. தீங்கிழைத்தாருட் பாதிப்பேர் குழந்தை அறிந்தவர், நம்பியவர்! அப்பதின்மூன்றனுள் தமிழ்நாடு இல்லையே என்று எவரும் மகிழவேண்டா. நம் பிள்ளைகளை எவரும் கேட்கவில்லை, அவ்வளவே.

போக்சோ என்று சுருங்க வழங்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் கடும் ஒறுப்பை வகுத்தது, நன்று. எனினும் சட்டம் குற்றத்தின் பின்னே நடப்பது. வீட்டிற்குள் நம்பிக்கைக்குரியவன் செய்யும் கொடுமையைத் தெருமுனைக் காவலர் எங்ஙனம் தடுப்பார்? சூளைக்கும் கரும்புவெட்டுக்கும் போகும் தாயர் திரும்புமட்டும் பிள்ளைகளைப் பேணும் காப்பகம் வேண்டும். குடியால் நொறுங்கிய வீடுகளுக்குச் சென்று கேட்டு வர ஆள் வேண்டும். பள்ளியில், குழந்தை அஞ்சாது வாய்திறந்து சொல்லத்தக்க, பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். இவர்களெல்லாரும் ஊதியம் பெறவேண்டிய மாந்தர். அறிவுரைத் தாள்கள் அச்சிட்டு இவர்களை ஈடுசெய்தல் இயலாது.

குழந்தைக் காப்புக்கென நடுவணரசு நடத்தும் ‘வாத்சல்யா’ திட்டத்திற்கு 2025-26-இல் ஒதுக்கியது 1,500 கோடி உருபா. அவ்வாண்டின் மொத்தச் செலவுத் திட்டமோ 50 இலக்கம் கோடிக்கு மேல். நூறு உருபாவில் மூன்று காசு! அதனுள்ளும் நல்லதோர் ஏற்பாடு உண்டு. இடருற்ற குழந்தை விடுதிக்குச் செல்லாது தன் வீட்டிலேயே வளரத் திங்கள்தோறும் 4,000 உருபா தருவது. சூளையில் உழல்கின்ற தாய் இதனை அறிவாளா? திட்டத்தின் பெயரையே அவளாற் பலுக்க இயலாதே! வாய்க்குள் நுழையாத வடசொல்லைச் சூட்டிவிட்டு, ‘கேட்டு வருவாரில்லை’ என்று கணக்கெழுதுவது எத்தகைய நயன்மை?

பணமில்லை என்பார்க்கு ஒன்று சொல்வோம். 1982-இல் சத்துணவுத் திட்டம் இங்குத் தொடங்கியபோதும் பணம் எங்கே என்றுதான் கேட்டனர். இன்று அதனை வீண்செலவென்று சொல்லத் துணிவார் யார்? 1992-இற் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. பெண்மகவைக் கொன்றபின் பெற்றோரைச் சிறையிடுவதோடு நில்லாது, கொல்லுமுன் ஒரு தொட்டிலை வைக்க அரசு முன்வந்தது. தொட்டிலை வைத்தவர்கள் அத்தாயின் வறுமைக்கு வழிசெய்யவில்லையே என்பது எம் குறை. எனினும் முந்திச் செலவிடுதல் அரசுக்கு இயலாத செயலன்று என்பதை அது காட்டியது.

தமிழ்நாட்டரசு தன் வரவுசெலவுத் திட்டத்தில், தீங்கு நேருமுன் காக்கும் பணிக்கெனத் தனித்தலைப்பில் பணம் ஒதுக்குக. அப்பணம் ஊராட்சியின் கைக்கே வருக. ஊர்தோறும் குழந்தைக் காப்புக்குழு இருப்பதாக ஏடுகள் சொல்கின்றன. அன்பர்காள்! வரும் ஊரவைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: நம்மூர்க் குழுவினர் யாவர்? அவர்கள் இறுதியாகக் கூடியது என்று? அவர்கள் கையிலுள்ள பணம் எவ்வளவு? கிடைக்கும் விடையைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் செய்துவிட்டே அமருங்கள்.