முகம் கருப்பு, கொடி நீலம்: எந்த ஃபிலிமில் எடுப்பது?



ஏப்ரல் 14 அன்று இராசிபுரம் பக்கத்துக் காலனி ஒன்றில் எங்கள் மாலைநேரப் படிப்பகப் பிள்ளைகள் ஒரு போட்டோ கண்காட்சி வைத்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பெட்டியிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் கிடந்த பழைய போட்டோக்களை வாங்கி வந்து, நீலத் துணியில் குத்தி மாட்டினார்கள். காலனியே வந்து பார்த்தது. செத்துப்போனவர்களைப் பார்த்துச் சிலர் அழுதார்கள்.

படங்கள் வரிசையாக நின்றபோதுதான் எங்கள் கண்ணில் பட்டது, அவை மூன்று வகையாகப் பிரிகின்றன என்று. மிகப் பழைய கருப்பு வெள்ளைப் படங்கள் ஓரம் மட்கியிருந்தாலும் முகம் முகமாகவே இருந்தது. 90களின் கலர் படங்களில் சிவப்பேறிய பின்னணி, பளிச்சென்ற வெள்ளைச் சட்டை, அதற்கு மேலே கண்ணும் மூக்கும் தெரியாத ஒரு கருப்புத் திட்டு. மூன்றாவது வகை ஸ்டூடியோ படங்கள். அதில் எல்லோரும் வெளுத்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது: "அக்கா, எங்க ஆயா இவ்ளோ செவப்பாவா இருந்துச்சு?"

சிரித்தோம். ஆனால் பதில் சொல்லவில்லை. ஒன்று திட்டாகிப் போவது, இல்லையென்றால் வெளுத்துப் போவது. நம் மக்களுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு போட்டோ கிடைக்க ஏன் இவ்வளவு காலம் ஆனது?

இப்போது அதே பிள்ளைகள் கையில், மூடிப்போன ஸ்டூடியோவிலிருந்து வந்த பழைய ஃபிலிம் கேமரா ஒன்று இருக்கிறது. கல்லூரி மாணவர்களிடையே ஃபிலிம் மறுபடியும் ஒரு மோகமாகிவிட்டது. "கலர் ரோல் வாங்கலாமா, பிளாக் அண்ட் ஒயிட் வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். இதை ரசனைக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது என்பதுதான் எங்கள் கருத்து.

வெள்ளை முகத்துக்கு அளவெடுத்த கலர்

கலர் ஃபிலிம் என்பது இயற்கையை அப்படியே பிடித்துத் தரும் பொருள் இல்லை. எந்தெந்த நிறத்தைச் 'சரியாக' காட்ட வேண்டும் என்று யாரோ ஆய்வகத்தில் உட்கார்ந்து முடிவெடுத்த ரசாயனம் அது. 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் தன் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். பிரிண்டில் ஷெர்லியின் தோல் சரியாக வந்தால் மிஷின் சரி. அந்த அளவுகோலில் கருப்புத் தோல் என்னவாகும் என்று நெடுநாள் யாரும் கவலைப்படவில்லை.

ஒரே படத்தில் வெள்ளைப் பிள்ளையும் கருப்புப் பிள்ளையும் நின்றால், கருப்புப் பிள்ளையின் முகம் இருட்டில் மறையும். அமெரிக்காவில் கருப்பினத் தாய்மார்கள் இதைச் சொல்லிப் பார்த்தார்கள். ஆனால் ஃபிலிம் மாறத் தொடங்கியதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது வேறு: சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் விளம்பரப் படத்தில் பழுப்பு நிற வேறுபாடுகள் சரியாக வரவில்லை என்று புகார் செய்தன. மனிதர்களின் புகாரைவிட மேசை நாற்காலியின் புகார் சீக்கிரம் காதில் விழுந்திருக்கிறது. எல்லா நிறத்தவரும் இருக்கும் ஷெர்லி அட்டை 90களின் நடுவில்தான் வந்தது.

இதே துறையில் இன்னொரு வரலாறும் உண்டு. 1970ல் அமெரிக்காவின் போலராய்டு நிறுவனத்தில் வேலை பார்த்த கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கருப்பினத் தொழிலாளர்கள், தங்கள் கம்பெனியின் போட்டோ முறை தென்னாப்பிரிக்காவில் கருப்பின மக்களைக் கட்டுப்படுத்தும் பாஸ் புத்தகத்துக்குப் பயன்படுவதைக் கண்டுபிடித்தார்கள். துண்டறிக்கை போட்டார்கள், புறக்கணிப்புக்கு அழைத்தார்கள், வேலையை இழந்தார்கள். 1977ல் போலராய்டு தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. ஃபிலிமுக்கு அரசியல் கிடையாது என்று யாராவது சொன்னால் இந்த இருவரின் பெயரைச் சொல்லுங்கள்.

சேலத்துக்கு வருவோம். முதல் முழுநீளத் தமிழ் வண்ணப்படம் சேலத்தில்தான் உருவானது. மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் 1956ல் வெளியிட்ட 'அலிபாபாவும் 40 திருடர்களும்', பெல்ஜிய நாட்டு கேவாகலர் ஃபிலிமில் எடுக்கப்பட்டது. ஏற்காடு போகும் சாலையில் இன்றைக்கு அந்த ஸ்டூடியோவின் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. அங்கிருந்து தொடங்கிய தமிழ் கலர் உலகத்தில் கதாநாயகியின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் எல்லாப் பழியையும் கோடாக் மேல் போட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது. பவுடரைக் கையில் கொடுத்து "நல்லா பூசிக்கோ" என்றதும், நெகட்டிவில் பென்சிலால் டச்சப் செய்து முகத்தை வெளுத்ததும், லேப் மிஷினில் டென்சிட்டி பட்டனைக் குறைத்ததும் நம் ஊர் கைகள்தான். எங்களில் ஒருவர் கல்லூரி விண்ணப்பத்துக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போனபோது, கேட்காமலே "கலர் ஏத்தி விட்டிருக்கேன், தம்பி" என்று சொல்லிக் கொடுத்தார்கள். உபகாரம் செய்த திருப்தி அவர் முகத்தில். நிறத்தைச் சாதியோடு சேர்த்துப் படிக்கப் பழகிய சமூகத்தில் அது உபகாரம்தான், அதுதான் கொடுமை.

கருப்பு வெள்ளையில் காணாமல் போகும் நீலம்

அப்படியென்றால் கருப்பு வெள்ளைதான் நமக்கா? அவசரப்பட வேண்டாம்.

கருப்பு வெள்ளை ஃபிலிமுக்கு நிறம் தெரியாது, வெளிச்சம் மட்டும்தான் தெரியும். பழைய ஆர்த்தோ ஃபிலிமுக்குச் சிவப்பே தெரியாது. பழுப்புத் தோலை இன்னும் கருப்பாக்கிவிடும். இன்று கிடைக்கும் பான்குரோமேட்டிக் ஃபிலிம் எல்லா நிறத்துக்கும் அசையும். ஆனால் நீலக்கொடியும் சிவப்புக்கொடியும் அதில் ஏறத்தாழ ஒரே சாம்பலாக விழும். ஒரு ஊர்வலத்தைக் கருப்பு வெள்ளையில் எடுத்துப் பாருங்கள். யாருடைய ஊர்வலம் என்பதே தெரியாது. அண்ணலின் போட்டோக்கள் பெரும்பாலும் கருப்பு வெள்ளைதான். அந்தக் கோட்டுக்கு நீலம் கொடுத்து ஊர் ஊராகச் சிலையாக நிறுத்தியது மக்கள். அந்த நீலத்தை ஒரு ஃபிலிம் ரோல் தின்றுவிட நாம் சம்மதிக்கக் கூடாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வெளியிலிருந்து வருகிறவர்கள் துப்புரவுத் தொழிலாளியை, தோல் பதனிடுபவரை, செங்கல் சூளைப் பெண்ணைக் கருப்பு வெள்ளையில் எடுக்கவே விரும்புகிறார்கள். அழுக்கு அதில் 'டெக்ஸ்ச்சர்' ஆகிவிடுகிறது. படம் பழையதுபோல் இருப்பதால், இது நேற்று நடந்தது என்பதே பார்ப்பவருக்கு மறந்துபோகிறது. சிக்கல் ஃபிலிமில் மட்டும் இல்லைதான். மும்பை மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களைச் சுதாரக் ஓல்வே கருப்பு வெள்ளையில்தான் எடுத்தார். அந்தப் படங்களில் மனிதர்கள் நம்மை நேராகப் பார்க்கிறார்கள். 2017ல் வந்த திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தில் ஒளிப்பதிவு செய்த பழனிகுமாரின் படங்களும் அப்படித்தான். கூட நின்று எடுத்தவருக்கும் எட்ட நின்று எடுத்தவருக்கும் உள்ள வேறுபாடு அது.

எங்கள் பரிந்துரை இதுதான். ஊர்வலம், கொடி, சுவரெழுத்து, திருவிழா, திருமணம் என்றால் கலர். வயதானவர்களின் முகம், கை, வீட்டுக்குள் எடுக்கும் படம், 50 வருடம் நிற்க வேண்டிய ஆவணம் என்றால் கருப்பு வெள்ளை. கலர் பிரிண்டில் நிறமாக இருப்பது சாயம். நம் ஓட்டு வீட்டு வெக்கையில் அது வெளிறும். சரியாகக் கழுவிய கருப்பு வெள்ளைப் பிரிண்டில் இருப்பது வெள்ளி. கொலுசு செய்யும் ஊர்க்காரர்களுக்கு வெள்ளியின் ஆயுளை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக வன்கொடுமை நடக்கும் இடத்துக்கு ஃபிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே செல்போன்தான் ஆயுதம். 2015ல் ஓமலூர் கோகுல்ராஜ் கொலை வழக்கில் திருச்செங்கோடு மலைக்கோயிலின் சிசிடிவி காட்சி எவ்வளவு முக்கியமான சாட்சியாக நின்றது என்பதை இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் படிக்க வேண்டும். மனித சாட்சிகள் பிறழ்ந்த வழக்கு அது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அதனால் போனில் எடுத்த மூலக் கோப்பை அழிக்காதீர்கள், வெட்டாதீர்கள், ஃபில்டர் போடாதீர்கள்.

மீட்டரை நம்பாதே, கையைப் பார்

இனி வேலைக்கு வருவோம். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைக்கும். சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட கருத்த முகத்தை நிறுத்தினால், மீட்டர் சுவரையும் சட்டையையும் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். அந்தக் 'கருப்புத் திட்டு' பிறப்பது இங்கேதான். முகத்துக்கு அருகில் போய் அளவெடுங்கள். அல்லது அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையைக் காட்டி அளந்து, ஒரு ஸ்டாப் கூடுதலாகத் திறங்கள். உள்ளங்கை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம்தான் காட்டும். கலர் நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைவைத் தாங்காது. ஸ்லைடு ஃபிலிம் நேர்மாறு. பழகும் வரை அதை வாங்காதீர்கள்.

கருப்பு வெள்ளையில் ஆரஞ்சு, சிவப்பு ஃபில்டர் மாட்டினால் வானம் அழகாகக் கருக்கும் என்பார்கள். அதே ஃபில்டர் பழுப்புத் தோலை வெளுக்கும். பவுடர் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு அதே வேலையைக் கண்ணாடித் துண்டால் செய்யாதீர்கள்.

இரவுப் போராட்டம். உடலை வாங்க மறுத்து அரசு மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருக்கிறோம். 400 வேக ஃபிலிமை 1600 என்று வைத்து எடுத்து, டெவலப்பிங் நேரத்தைக் கூட்டுவது வழக்கம். இப்படி 'புஷ்' செய்தால் டியூப் லைட்டும் வெள்ளைச் சட்டையும் எழும்பும், நிழலில் இருக்கும் முகம் எழும்பாது. ஃபிலிமில் விழாத வெளிச்சத்தை எந்த டெவலப்பரும் கொண்டுவராது. அழும் தாயின் கண்தான் அங்கே முக்கியம் என்றால், விளக்குப் பக்கம் நீங்கள் நகருங்கள். ஷட்டரை மெதுவாக்கி மூச்சைப் பிடியுங்கள்.

கழுவுவது கஷ்டமில்லை. கருப்பு வெள்ளைக்கு ஒரு டேங்க், டெவலப்பர், ஹைப்போ, தண்ணீர் போதும். ஃபிலிமை டேங்கில் சுற்றும்போது மட்டும் முழு இருட்டு வேண்டும். டிரை-எக்ஸ் ரோலுக்கு நீர் சேர்க்காத டி-76 டெவலப்பரில் 20 டிகிரியில் ஏறத்தாழ 7 நிமிடம். ஆனால் நம் ஊரில் சித்திரை மாதம் குழாயைத் திறந்தால் வருவது வெந்நீர். ஐஸ் வாங்கிப் பக்கெட்டில் போட்டு, டெவலப்பர் பாட்டிலை அதில் நிறுத்துங்கள். ஹைப்போவும் கழுவும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். திடீரென்று மாறினால் ஃபிலிமின் பூச்சு சுருங்கி வெடிக்கும். கலருக்கான சி-41 முறைக்குக் கேட்பது 37.8 டிகிரி, டெவலப்பரில் 3 நிமிடம் 15 விநாடி. அது சேலத்து வெயில் அளவுதான், ஆனால் கால் டிகிரிகூட நகரக்கூடாது. அதனால் கலர் ரோலை நாங்கள் பெருநகர லேபுக்குக் கூரியரில் அனுப்புகிறோம். கூடவே ஒரு சீட்டு: "முகத்தை வெளுக்க வேண்டாம். ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம். நெகட்டிவைத் திருப்பி அனுப்பவும்."

கடைசி வரி முக்கியம். நம் கல்யாணங்களின் நெகட்டிவ் எல்லாம் ஸ்டூடியோக்காரரிடமே தங்கிவிட்டன. ஒருவரிடம் போய்க் கேட்டோம். "எடைக்குப் போட்டுட்டேன், வெள்ளி எடுக்க வாங்கிட்டுப் போனாங்க" என்றார். ஒரு காலனியின் முப்பது வருட முகங்கள் கிலோ கணக்கில் போயின. இனி நெகட்டிவ் நம் பெட்டியில் இருக்கட்டும்: கவரில், தேதியோடு, ஊர்ப் பெயரோடு, படத்தில் இருப்பவர்களின் பெயரோடு.

இன்னொன்று. பயன்படுத்திய ஹைப்போவைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அதில் கரைந்த வெள்ளி இருக்கிறது. மூடி போட்ட கேனில் சேர்த்து, எக்ஸ்ரே கழிவிலிருந்து வெள்ளி பிரிப்பவர்களிடம் கொடுங்கள். மனிதக் கழிவை மனிதர் அள்ளத் தடைச்சட்டம் 2013ல் வந்த பிறகும், அந்தச் சாக்கடையில் யாரை இறக்குகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். நம் அண்ணனின் படத்தைக் கழுவிய தண்ணீர், நம் அண்ணனின் காலில் ஊற்றக் கூடாது.

ஒரு ரோல் ஃபிலிம் விலையும் கழுவும் செலவும் சேர்ந்தால் தறிக்கூடத்தில் ஒரு நாள் கூலியைத் தாண்டும். 36 படம். அதனால் மோகத்துக்காக வாங்க வேண்டாம். ஐந்து பேர் சேர்ந்து ஒரு ரோல் வாங்குங்கள். காலனியில் மிக வயதான ஆறு பேரிடம் போங்கள். பவுடர் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்கள் கேட்டால் பூசிக்கொள்ளட்டும், அது அவர்கள் உரிமை. கையை நீட்டி வெளிச்சம் அளந்து எடுங்கள். பிரிண்டை முதலில் அவர்களிடம் காட்டுங்கள்.

அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு எங்கள் பதில்: இல்லை சாமி, உங்க ஆயா கருப்பு. அடுத்த ஏப்ரலில் அதே துணியில் அவர்கள் காலத்து ஆட்களின் முகம் அப்படியே மாட்டப்பட வேண்டும்.

ஜெய்பீம்.