மறைத்த உஷ்ணம் எங்கே போகிறது?

ஹைதராபாத்தின் மெட்டுகுடாவிலிருந்து மெட்ரோ ரயிலில் ஒரு நிலையம் கிழக்கே சென்றால் வரும் தார்நாகாவில், 1944இல் ஹைதராபாத் சமஸ்தானத்தின் ஆராய்ச்சிக்கூடமாகத் தோன்றி, 1956இல் மத்திய விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து, 1989 முதல் இந்திய ரசாயனத் தொழில்நுட்பக் கழகம் என்று வழங்கும் ஸ்தாபனம், பூச்சுகளிலும் பாலிமர்களிலும் நெடுங்கால அனுபவத்தோடு நிற்கிறது. நகரின் தெற்கே காஞ்சன்பாகிலோ பாதுகாப்புத் துறையின் உலோக ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. ஆகவே, யுத்த வாகனங்களை உஷ்ணக் காமிராவின் பார்வைக்குத் தப்பவைக்கும் பூச்சுகளைப் பற்றிய பேச்சு இப்பகுதிவாசிகளுக்கு அந்நிய விஷயமன்று. அப்பேச்சில் மாயம், அதிசயம் என்ற சொற்கள் தாராளமாகப் புழங்குவதுதான் எனக்கு உறுத்துகிறது.

சூடுள்ள எப்பொருளும் அகச்சிவப்புக் கிரணங்களை வீசிக்கொண்டே இருக்கிறது. அவற்றில் 3 முதல் 5 மைக்ரான், 8 முதல் 14 மைக்ரான் ஆகிய இரு வரம்புகளுக்குள் அடங்கியவை காற்றில் அதிகம் தேயாமல் நெடுந்தூரம் செல்வதால், காமிராக்கள் அவற்றையே பிடிக்கின்றன. வீசும் மொத்த அளவோ, தனி வெப்பநிலையின் நான்காம் படியையும் மேற்பரப்பின் உமிழ்திறனையும் பொறுத்தது. சாதாரண வர்ணத்தின் உமிழ்திறன் ஏறக்குறைய 0.9, மெருகிட்ட அலுமினியத்துக்கு 0.05 அளவுதான். 60 டிகிரிக்குக் காய்ந்த தகடு 30 டிகிரி மண்ணைப்போலத் தோன்ற, மண்ணின் உமிழ்திறனும் 0.9 என்று கொண்டு, சுற்றுப்புறத்தின் பிரதிபலிப்பை ஒதுக்கிவிட்டு, மொத்த வீச்சைக் கணக்கிட்டால், உமிழ்திறனை 0.62 அளவுக்குக் குறைத்தாலே போதும்.

அலுமினியத் தூளை வர்ணத்தில் கலந்தால் இது கைகூடும். ஆனால் அது கண்ணுக்குப் பளபளக்கும், ராடார் அலையையும் திருப்பி அனுப்பிக் காட்டிக்கொடுக்கும். இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாகவே, ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் பாலிமர்களை ரசாயனிகள் நாடுகிறார்கள். 1977இல் ஷிராகாவா, மக்டயார்மிட், ஹீகர் ஆகியோர் அயோடினை ஊட்டிப் பாலிஅசிட்டிலீனை மின்சாரம் கடத்தவைத்து, அதற்காக 2000இல் நோபல் பரிசு பெற்றார்கள். அத்தகைய சங்கிலியில் மின்னணுக்கள் உலோகத்தில்போல ஓரளவு சுயேச்சையாக உலவுகின்றன. அதனோடு இரும்பு போன்ற உலோகத்தைப் பிணைத்துவிட்டால், காந்த குணமும் கூடி, உஷ்ணக் கிரணத்தை அடக்கும் அதே பொருள் ராடார் அலையை விழுங்கவும் கூடும் என்பது ரசாயனிகளுடைய எதிர்பார்ப்பு. அதைத் தகட்டோடு ஒட்டவைக்கும் பிசினோ, தன் கார்பன், ஆக்சிஜன் பிணைப்புகளால் 8 முதல் 14 மைக்ரானுக்குள்ளேயே கிரணத்தை உறிஞ்சுகிறது. உறிஞ்சுவது உமிழவும் செய்யும் என்பது கிர்க்காஃபின் விதி. பிறகு மழையும் புழுதியும் வேறு இருக்கின்றன.

இவையெல்லாம் வெல்லப்பட்டாலும், உமிழாமல் அடக்கிய உஷ்ணம் அழிவதில்லை. அது தகட்டிலேயே தங்கி, வெப்பநிலையை ஏற்றி, உள்ளே இருக்கும் சிப்பாயை வாட்டும். நான்காம் படி விதியால் பூச்சின் பலனையும் கரைக்கும். காமிராக்கள் நோக்காத 5 முதல் 8 மைக்ரான் வரம்பில் தாராளமாக உமிழவிட்டு, மற்ற இரண்டை மட்டும் மூடுவதே விவேகமான மார்க்கம். புதிய பூச்சைப் பற்றி யார் பெருமை பேசினாலும், உஷ்ணத்துக்கு எந்த வழியைத் திறந்துவைத்தீர்கள் என்று பத்திரிகைகள் முதலில் கேட்கட்டும்.

டாங்கிக்கு வேண்டாத குணமே வீட்டுக் கூரைக்கு வேண்டும்: வெயிலைப் பிரதிபலித்து, 8 முதல் 13 மைக்ரானில் வானத்தை நோக்கி உஷ்ணத்தை வீச வேண்டும். ஒரே சாஸ்திரத்தின் மறுபக்கம் இது. ரகசிய முத்திரைக்கும் இதில் அவசியமில்லை. தெலங்கானா சர்க்கார் 2023இல் வெளியிட்ட குளிர்கூரைக் கொள்கை, வணிகக் கட்டடங்களையும் சர்க்கார் கட்டடங்களையும் கட்டாயப்படுத்திவிட்டு, 600 சதுர கஜத்துக்குக் குறைந்த மனையில் எழும் வீடுகளை உடையவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. மே மாதத்தில் மெட்டுகுடாவின் ஒண்டுக் குடித்தனங்களில் உறக்கமின்றிப் புரள்பவர்களோ அவ்வரம்புக்குக் கீழேதான் இருக்கிறார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்துவது அநியாயம்; பூச்சின் விலையில் ஒரு பங்கைச் சர்க்கார் ஏற்கட்டும், மழைக்குத் தாங்கும் மலிவான கலவையைத் தார்நாகா கழகம் சோதித்து, செய்முறையைத் தெலுங்கிலும் உருதுவிலும் தமிழிலும் அச்சிட்டு வழங்கட்டும்.