ஆசிரியர் இடத்தில் திரையை அமர்த்தலாகாது: கோரிக்கை மனு

அனுப்புநர்: பெற்றோர் சங்கத்தார், மலையடிவாரக் கிராமங்கள்.

பெறுநர்: முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்.

பொருள்: நடுநிலைப் பள்ளிகளின் காலிப் பணியிடங்களை நிரப்புதல், காணொலிப் பாடத்தை ஆசிரியருக்குப் பதிலாகக் கணக்கில் கொள்ளாதிருத்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் வட்டாரத்து நடுநிலைப் பள்ளிகள் சிலவற்றில் கணித, அறிவியல் ஆசிரியர் பணியிடங்கள் நெடுநாளாகக் காலியாகக் கிடப்பதையும், அக்குறையை நாங்கள் முறையிடும்போதெல்லாம் ‘காணொலிப் பாடந்தான் நடக்கிறதே’ என்னும் சமாதானமே விடையாகக் கிடைப்பதையும் தங்கள் சமுகத்துக்குத் தெரிவிக்கும்பொருட்டு, இம்மனுவைச் சமர்ப்பித்துக்கொள்கிறோம்.

நாங்கள் நவீன சாதனங்களுக்கு விரோதிகளல்லர். 2019 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சி, மறு ஆண்டு மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றால் பள்ளிகள் அடைபட்டபோது பாடத்தை வீட்டுக்குள் கொணர்ந்த உபகாரத்தை நாங்கள் மறந்தோமில்லை. ஆனால், பாடத்தைக் காணக் குடும்பத்துக்கென இருந்த ஒரே கைப்பேசி தகப்பனாருடன் வேலைக்குப் போய் இரவில் திரும்பும்வரை பிள்ளைகள் காத்திருந்ததும், வந்தபின் அது மூத்த மகன் கைக்குப் போக, பெண்பிள்ளைகள் அடுப்படிக்குத் திரும்பியதும் எங்கள் இல்லங்களில் பிரத்தியட்சமாக நடந்தவை. 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறக்கப்பட்டன. அதற்குச் சில தினங்கள் முன்பாக, கற்றல் இழப்பை ஈடுசெய்ய அரசாங்கமே ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தைத் தொடங்கித் தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்பிற்று. திரையால் இயலாததை நிறைவேற்ற மனிதரையே அனுப்ப வேண்டியிருந்தது என்பதற்கு இதனினும் வேறு சாட்சியம் வேண்டுவதில்லை.

அரையுடன் மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னால், தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதிவைக்கும் பிள்ளை எந்த வகுப்பிலும் உண்டு. பெஞ்சுகளுக்கிடையே நடந்துவரும் ஆசிரியர் அந்த நோட்டைக் கண்டதும் நின்று, ‘ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவாயிற்றே, கூட்டினால் குறையுமோ?’ என்று கேட்கிறார். பிள்ளை விழிக்கிறது, யோசிக்கிறது, தானே அழித்து எழுதுகிறது. திரையிலுள்ளவரோ, எத்துணை வித்தகராயினும், அதற்குள் அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார். தவறு நோட்டிலேயே தங்கிவிடுகிறது. (அதைத் திருத்திக் கொடுக்கும் படிப்பு எங்களிற் பலருக்கு இல்லை.) அறிவியலிலும் அப்படியே. நீல லிட்மஸ் தாள் புளிக்கரைசலில் சிவப்பதைக் காணொலியில் காண்பது வேறு, தன் கையால் தோய்த்துக் காண்பது வேறு.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் 35 மாணாக்கருக்கு ஓர் ஆசிரியர் வேண்டுமென்றும், ஒரு பள்ளியின் காலியிடங்கள் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் நூற்றுக்குப் பத்தை மீறலாகாதென்றும் விதிக்கிறது. ஐந்தாறு ஆசிரியர்களே உள்ள எங்கள் பள்ளிகளில் ஓரிடம் காலியானாலும் அவ்வரம்பு மீறப்பட்டதே யாகும். சட்டம் ஆசிரியர் என்று சொல்லுமிடத்தில் ஒளிபரப்பும் கருவி எதுவும் உத்தேசிக்கப்படவில்லை.

ஆதலின், அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் அக்காலியிடங்களை நிரப்பவும், அதுகாறும் பள்ளி மேலாண்மைக் குழுக்களின் வாயிலாகத் தற்காலிக ஆசிரியரையேனும் நியமிக்கவும் உத்தரவிட வேண்டுகிறோம். காணொலிப் பாடம் ஆசிரியர் முன்னிலையில், வேண்டுமிடத்தில் நிறுத்தி விளக்கும் சுதந்திரத்துடன் மாத்திரமே காட்டப்படவேண்டும். ஆசிரியரின்றி ஓடிய காணொலியை நடத்தப்பட்ட பாடவேளையாகப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் உடனே நிறுத்தப்படவேண்டும். எங்கள் கோரிக்கைகளுள் இதுவே தலையாயது, ஏனெனில் காலியிடம் ஏட்டில் மறைந்துவிட்டால் அதை நிரப்பும் அவசியமும் மறைந்துவிடுகிறது. வீட்டுப் பாடத்தை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பாமல் கரும்பலகையிலும் எழுதிப்போடச் செய்யவேண்டும்.

தாங்கள் ஒருமுறை முன்னறிவிப்பின்றி எங்கள் பள்ளிகளுக்கு விஜயம் செய்து, கணிதப் பாடவேளையில் வகுப்பறையை நேரில் பார்வையிட்டு, தக்க ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் பிரார்த்திக்கிறோம்.

இங்ஙனம்,
பெற்றோர் சங்கத்தின் தலைவர், செயலாளர் மற்றும் அங்கத்தினர்கள்.