பேங்க்ல இருந்து 'அக்கவுன்ட் ரிவ்யூ'ன்னு போன் வந்தா...

"சார், உங்க அக்கவுன்ட் ரிவ்யூ பெண்டிங்ல இருக்கு. ஒரு பத்து நிமிஷம் பிராஞ்சுக்கு வர முடியுமா? இல்லன்னா நானே உங்க ஆபீஸ் பக்கம் வரேன்."

சேலரி அக்கவுன்ட் வச்சிருக்கிற பெரும்பாலானவங்களுக்கு இந்த போன் ஒரு தடவையாவது வந்திருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் கொஞ்சம் ஜாஸ்தியாவே வரும். அதுல 'பெண்டிங்'ங்கிற வார்த்தையைக் கவனிங்க. நாமதான் ஏதோ செய்யாம விட்டுட்டோம், அக்கவுன்ட் முடங்கிடுமோன்னு ஒரு சின்ன பயம் வரும். கேஒய்சி அப்டேட் உண்மையிலேயே கட்டாயம். ஆனா ரிலேஷன்ஷிப் மேனேஜர் எதிர்ல உட்கார்ந்து முடிக்க வேண்டிய 'ரிவ்யூ'ன்னு ஒரு கட்டாயம் சேவிங்ஸ் அக்கவுன்ட்டுக்குக் கிடையாது. அது ஒரு சேல்ஸ் மீட்டிங். அதை சேல்ஸ் மீட்டிங்னு சொல்லாம கூப்பிடுறதுதான் என் பிரச்னை.

போன ஜூலையில ஐடிஆர் ஃபைல் பண்ண ஒரு தம்பி வந்தார். 27 வயசு, சிறுசேரியில வேலை. தங்கச்சி கல்யாணத்துக்காக மூணு லட்சம் சேர்த்து சேவிங்ஸ்லயே வச்சிருந்தார். பிப்ரவரி கடைசியில அவருக்கு 'ரிவ்யூ' நடந்திருக்கு. ஆர்எம் டேப்லெட்டைத் திறந்து, அவரோட பேலன்ஸை அவருக்கே காட்டி, "இவ்ளோ பணம் சும்மா தூங்குதே சார், எஃப்டி மாதிரி ஒண்ணு இருக்கு, டாக்ஸும் மிச்சம்"னு சொல்லியிருக்கார். ரெண்டு ஓடிபி. அப்புறம் ஒரு வெரிஃபிகேஷன் கால். "எல்லாத்துக்கும் எஸ் சொல்லிடுங்க சார், வெறும் ஃபார்மாலிட்டி"ன்னு அதுக்கும் முன்கூட்டியே ட்ரெயினிங். ஒரு லட்சம் போயிடுச்சு.

என்கிட்ட வரும்போது அதை எஃப்டின்னுதான் சொன்னார். "எஃப்டி ரசீது குடுங்க தம்பி"ன்னு கேட்டேன். மெயில்ல தேடி எடுத்துக் கொடுத்தது பாலிசி டாக்குமென்ட். வருஷம் ஒரு லட்சம், 12 வருஷம் கட்டணும். 20-வது வருஷ முடிவுல 24 லட்சம் கிடைக்கும்னு கணக்குப் போட்டுக் காட்டியிருந்தாங்க. 12 வருஷம் கட்டணும்ங்கிறது அன்னிக்குத்தான் அவருக்குத் தெரியும். முகத்தைப் பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு.

"கட்டினது டபுளா வருதே?"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி, அதனால உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். 12 லட்சம் 24 லட்சமாகுறதுக்கு எடுத்துக்கிற காலத்தை எக்செல்ல ஐஆர்ஆர் போட்டுப் பார்த்தா, வருஷத்துக்கு சுமார் 4.8% வருது. அதே ஒரு லட்சத்தை அதே 12 வருஷம் பிபிஎஃப்ல போட்டு, 20 வருஷம் வரைக்கும் விட்டு வச்சா, இப்போதைய 7.1% வட்டி அப்படியே நீடிக்கும்னு வச்சுக்கிட்டா, 33 லட்சத்துக்கு மேல வரும். (நடுவுல கணக்கு உயிரோட இருக்க வருஷம் 500 ரூபாய் போடணும், அது வேற விஷயம்.) இன்ஷூரன்ஸ்தான் வேணும்னா, ஒரு டெர்ம் பிளான் இதைவிடப் பல மடங்கு கவரேஜை மிகக் குறைந்த பிரீமியத்துல கொடுக்கும்.

'டாக்ஸ் மிச்சம்'ங்கிறது இன்னும் மோசம். அந்தத் தம்பி இருக்கிறது நியூ ரெஜிம்ல. அங்கே 80சி கழிவே கிடையாது. ஒரு ரூபாய் கூட மிச்சமாகல. இவ்வளவு விவரமா பேலன்ஸைப் படிச்ச ஆர்எம், எந்த ரெஜிம்னு ஒரு கேள்வி கேட்கல.

ஆர்எம்மைத் திட்டி முடிச்சுட்டா சுலபம். என்னோட காலேஜ்ல படிச்ச ஒருத்தன் கொஞ்ச வருஷம் அந்த வேலையில இருந்தான். காலையில மீட்டிங்ல அன்னிக்கு எத்தனை பாலிசின்னு கமிட் பண்ணணும், சாயங்காலம் ஏன் வரலைன்னு எல்லார் முன்னாடியும் பதில் சொல்லணும். கடைசியில அவங்க அம்மா பேருலயே ஒரு பாலிசி போட்டான். இப்போ அந்த பிரீமியத்தை அவன்தான் கட்டிட்டிருக்கான்.

பேங்க் ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்குது? 2023 வரைக்கும் இருந்த விதிப்படி, 12 வருஷமோ அதுக்கு மேலயோ பிரீமியம் கட்டுற பாலிசிக்கு முதல் வருஷ கமிஷன் 35% வரைக்கும் போகலாம். அப்புறம் அந்த உச்சவரம்பை எடுத்துட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனியோட மொத்தச் செலவுக்கு மட்டும் வரம்பு வச்சாங்க. நீங்க நிஜமான எஃப்டி போட்டா இந்த மாதிரி கமிஷன் எதுவும் பேங்குக்குக் கிடையாது. இன்னொண்ணு, ஒரு பேங்க் 9 ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களோட பாலிசிகள் வரைக்கும் விற்கலாம். அந்தத் தம்பிக்குக் காட்டினது ஒண்ணே ஒண்ணு.

டார்கெட் எங்கே கொண்டு போய் விடும்ங்கிறதுக்கு அமெரிக்காவுல ஒரு பெரிய உதாரணம் இருக்கு. வெல்ஸ் ஃபார்கோ பேங்க், ஒரு குடும்பத்துக்கு எட்டு புராடக்ட்னு இலக்கு வச்சு ஊழியர்களை விரட்டுச்சு. அவங்க வாடிக்கையாளருக்கே தெரியாம லட்சக்கணக்குல அக்கவுன்ட் திறந்தாங்க. 2016-ல 18.5 கோடி டாலர் அபராதம். அதுக்குள்ள சுமார் 5,300 பேருக்கு வேலை போயிருந்துச்சு. அதுல பெரும்பாலானவங்க கீழ்மட்ட ஆட்கள்.

நம்ம ஊர்லயும் இது தெரியாத விஷயமில்ல. 2024 நவம்பர்ல நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே, பேங்குகள் இன்ஷூரன்ஸைத் தப்பா விற்கிறது கடன் வாங்குறவங்க செலவை மறைமுகமா ஏத்துதுன்னு பேசினாங்க. ஆனா என்னைப் பொறுத்தவரை முதல்ல மாற வேண்டியது அந்த போன்ல சொல்ற முதல் வாக்கியம். "நான் இன்ஷூரன்ஸ் விற்கக் கூப்பிடுறேன், இதுல பேங்குக்குக் கமிஷன் உண்டு"ன்னு ஆரம்பிக்கணும். அப்படிச் சொல்லியும் நீங்க வாங்கினா அது உங்க முடிவு.

உண்மையான ரிவ்யூ எப்படி இருக்கும்? நாமினி போட்டிருக்கீங்களான்னு கேட்பாங்க (2025 நவம்பர் 1 முதல் நாலு பேர் வரைக்கும் போடலாம்). பயன்படுத்தாத டெபிட் கார்டுக்கு வருஷக் கட்டணம் போகுதே, வேண்டாமான்னு கேட்பாங்க. ஆட்டோ ஸ்வீப் ஆன் பண்ணித் தருவாங்க. பர்சனல் லோன் இருந்தா, "கையில இருக்கிற பணத்துல முதல்ல இதை அடைங்க"ன்னு சொல்வாங்க. எனக்குத் தெரிஞ்சு ஒருத்தருக்கும் ரிவ்யூல இப்படி ஒரு பதில் வந்ததில்ல. இதையெல்லாம் ஞாயித்துக்கிழமை அரை மணி நேரத்துல நெட் பேங்கிங்ல நீங்களே பார்த்துடலாம்.

அடுத்த போன் வந்தா, "இது கட்டாயமா? ஆமான்னா ரெஜிஸ்டர்டு மெயிலுக்கு அனுப்புங்க"ன்னு சொல்லுங்க. பெரும்பாலும் மெயில் வராது. டேப்லெட்ல அவங்க டைப் பண்றதுக்கு ஓடிபி சொல்லவே சொல்லாதீங்க.

ஏற்கெனவே வாங்கிட்டீங்கன்னா இன்னிக்கே மெயிலைத் திறங்க. பாலிசி டாக்குமென்ட் கைக்கு வந்த நாள்ல இருந்து 30 நாள் ஃப்ரீ லுக். அதுக்குள்ள வேண்டாம்னு எழுதிக் கொடுத்தா, ஸ்டாம்ப் டியூட்டி, மெடிக்கல் டெஸ்ட் செலவு, அத்தனை நாள் கவரேஜுக்கான தொகை மட்டும் கழிச்சுட்டு மீதி வந்துடும். ஆர்எம்கிட்ட கொடுக்காதீங்க, அவர் "பார்க்கலாம் சார்"னே 30 நாளைக் கடத்திடுவார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கே நேரா மெயில் போடுங்க. பதில் சரியில்லன்னா ஐஆர்டிஏஐயோட பீமா பரோசா தளத்துல புகார் கொடுக்கலாம். பேங்க் மேல உள்ள புகாருக்கு ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன் இருக்கார், கட்டணம் கிடையாது.

அந்தத் தம்பிக்கு ஃப்ரீ லுக் எப்பவோ முடிஞ்சு போச்சு. புகார் எழுதிக் கொடுத்திருக்கோம், ஆனா அவர்தான் எல்லாக் கேள்விக்கும் எஸ் சொன்ன ரெக்கார்டிங் அவங்ககிட்ட இருக்கு. ரெண்டாவது பிரீமியம் கட்டறதில்லன்னு முடிவு. 2024 அக்டோபர்ல வந்த விதியால ஒரு வருஷம் முடிஞ்சதும் சரண்டர் பண்ணி ஒரு பகுதியாவது வாங்கலாம். அது பிப்ரவரி கடைசியில. தங்கச்சிக்கு முகூர்த்தம் குறிச்சிருக்கிறது தை மாசம். இப்போ அதே பேங்கோட ஆப்பைத் திறந்தா, ஒரு லட்சத்துக்கு ப்ரீ-அப்ரூவ்டு பர்சனல் லோன் ரெடின்னு காட்டுதாம்.