இருதயத்தையும் காக்க வேண்டும்

எச்.ஐ.வி. கிருமி இந்தியாவுக்குள் நுழைந்திருப்பதை 1986-ம் வருஷம் சென்னையில் முதன்முதலாகக் கண்டறிந்தவர்கள் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற டாக்டர் நிர்மலாவும் ஆவர். அந்நாளில் இந்நோய் கண்டவர்களுக்கு ஆறுதல் சொல்லவும் வழியில்லை. 1996-ல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. 2004-ல் இந்திய சர்க்கார் அதை இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. இன்று தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பேரன் பேத்திகளைக் கொஞ்சும் வயதுவரை வாழ்கிறார்கள். இது வைத்திய சாஸ்திரத்தின் மகத்தான வெற்றி.

ஆனால், வாசலைத் தாழிட்ட வீட்டில் திருடன் கொல்லைப்புறமாக நுழைவதுபோல, மாரடைப்பு இவர்களைத் தேடி வருகிறது. மற்றவர்களைக் காட்டிலும் இவர்களுக்கு இருதய நோய் வரும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மருந்தினால் கிருமி அடங்குகிறதேயன்றி அடியோடு அழிவதில்லை. நீறு பூத்த நெருப்பைப்போல உடலுக்குள் நீடிக்கும் அழற்சி, ரத்தக் குழாய்களைக் கெடுத்துக் கொழுப்பு படிய இடம் தருகிறது. புகைப் பழக்கமும் ரத்தக் கொதிப்பும் சர்க்கரை வியாதியும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

"அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். கூடவே கூடாது! மருந்தை விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களுக்கே இருதயக் கோளாறு முதலிய தொல்லைகள் அதிகம் என்பது 2006-ல் வெளியான ஆராய்ச்சியில் தெளிவாயிற்று.

தடுக்க வழியும் உண்டு. இந்தியா உட்பட 12 நாடுகளில், 40 முதல் 75 வயதுவரையுள்ள 7,769 எச்.ஐ.வி. நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2023-ல் வெளிவந்தது. கொழுப்பைக் குறைக்கும் பிடாவாஸ்டாடின் மாத்திரையை நாள்தோறும் உட்கொண்டவர்களிடையே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்திருந்தன.

ஆயினும், கொழுப்பைக் குறைக்கும் எல்லா மாத்திரைகளும் இவர்களுக்கு ஒத்துவரா. ரிட்டோனவிர் சாப்பிடுகிறவர் சிம்வாஸ்டாடினையும் சேர்த்துக்கொண்டால் தசைகள் சிதைந்து, சிறுநீரகமே பாதிக்கப்படலாம். ஆகவே, இருதய டாக்டரிடம் தாம் சாப்பிடும் மருந்துகளை ஒளிக்காமல் சொல்வது அவசியம். 'முகம் சுளிப்பாரோ, நாலு பேருக்குத் தெரிந்துவிடுமோ' என்ற அச்சம் வாயைக் கட்டிவிடுகிறது. அந்த மௌனம் உயிருக்கே உலையாகலாம்.

பாரபட்சம் காட்டலாகாது, இரகசியத்தைக் காக்க வேண்டும் என்று 2017-ம் வருஷத்துச் சட்டம் கூறுகிறது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. டாக்டரின் முகத்திலும் அது தெரிய வேண்டும். கிருமிக்கு மருந்து வழங்கும் இடத்திலேயே ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றையும் தவறாமல் பார்க்க வேண்டும். கிருமியின் பிடியிலிருந்து மீட்ட உயிரை மாரடைப்புக்குப் பறிகொடுப்பது நியாயமாகாது.