ஆயிரத்து முப்பத்து மூன்று பேர்!

ஈரோட்டிலிருந்து தெற்கே, கொடுமுடிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் மொடக்குறிச்சி வட்டாரத்தை உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். கிழக்கே காவிரி, அக்கரை நாமக்கல் மாவட்டம். ஆற்றை ஒட்டினாற்போல 13-ஆம் நூற்றாண்டுக் காலிங்கராயன் வாய்க்கால். அதன் கரையில் மஞ்சளும் கரும்பும் நெல்லும். கொஞ்சம் மேற்கே மேட்டில் ஏறினால் கீழ்பவானி வாய்க்கால். இது சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சமாசாரம். இதில் ஒரு போகம் நெல்லுக்குத் தண்ணீர் விடுவார்கள், அடுத்த போகம் கடலை, எள்ளுக்கு. முறை வைத்துத்தான் தண்ணீர். வாய்க்கால் எட்டாத இடங்களில் கிளுவை வேலியும் மேய்ச்சல் காடும். ஆக, பத்து மைலுக்குள் தண்ணீர் உள்ளவன், முறைக்குக் காத்திருப்பவன், வானத்தைப் பார்ப்பவன் என்று மூன்று ஜாதி விவசாயிகள்.

இந்த ஊர்க்காரர்கள் சும்மா கத்துகிற ரகம் இல்லை. ‘ஏனுங்க’, ‘வாங்க’ என்று மரியாதையாகப் பேசிக்கொண்டே 1996-இல் ஒரு காரியம் பண்ணினார்கள் பாருங்கள், டெல்லியே தலையில் கைவைத்துக்கொண்டது.

எங்கள் குறைகளை எந்தக் கட்சியும் காது கொடுத்துக் கேட்கவில்லை என்று விவசாயிகளுக்குக் கோபம். தேர்தலைப் புறக்கணிப்பதெல்லாம் பழைய டெக்னிக். இவர்கள் உல்டாவாக யோசித்தார்கள். எல்லோருமே தேர்தலில் நின்றுவிட்டால்? டெபாசிட் அப்போது வெறும் 250 ரூபாய். கடைசியில் களத்தில் நின்றவர்கள் 1033 பேர்! எம்.எல்.ஏ. நாற்காலி என்னவோ ஒன்றுதான்.

ஆயிரம் பேருக்கும் ஆளுக்கொரு சின்னம் தர வேண்டும், ஒவ்வொருவர் பெயரையும் அச்சடிக்க வேண்டும். தேர்தலையே ஒரு மாதம் தள்ளிவைத்தது கமிஷன். வாக்குச்சீட்டு ‘சீட்டாக’ இருக்க முடியாமல் புத்தகமாகவே வந்தது. கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் மறைவுக்குள் நின்று எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதையும், வெளியே க்யூவில் நிற்பவர் ‘உள்ளே என்னங்க, படிச்சுட்டா இருக்காரு?’ என்று கேட்பதையும் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

முடிவு? தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் சுலபமாக ஜெயித்தார். அந்த அம்மா இதே தொகுதியில் 1977-இல் அ.தி.மு.க. சார்பில் ஜெயித்து எம்.ஜி.ஆர். மந்திரிசபையில் இருந்தவர், ஊருக்குப் புதுசில்லை. நின்றவர்களில் 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அதாவது, சொந்த ஓட்டையே தனக்குப் போட்டுக்கொள்ளாதவர்கள். சிரிக்க வேண்டாம். ஜெயிக்க வேண்டும் என்று அவர்கள் நிற்கவே இல்லையே!

அரசாங்கம் இதற்குச் சொன்ன பதில்தான் அழகு. ஆபீஸில் நாற்பது பேர் ஒரே நாளில் லீவ் லெட்டர் நீட்டினால் மேனேஜர் என்ன செய்வார்? ‘என்னப்பா கஷ்டம்?’ என்றா கேட்பார்? இனிமேல் லீவ் லெட்டர் மூன்று காப்பி வேண்டும் என்று சர்க்குலர் விடுவார். அதேதான் நடந்தது. அதே 1996-இல் சட்டத்தைத் திருத்தி, சட்டசபை டெபாசிட்டை 5000 ரூபாயாக்கினார்கள். சுயேச்சைக்கு முன்மொழிய பத்துப் பேர் வேண்டும் என்றார்கள். பிறகு டெபாசிட் 10,000 ஆனது. அன்றைக்கு 1033 பேருக்கும் தலைக்கு 250 என்று வைத்தாலும் மொத்தம் இரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். இப்போதைய ரேட்டில் ஒரு கோடியைத் தாண்டும். கோபப்படுவதற்கும் வசதி வேண்டும் என்றாகிவிட்டது.

வேட்பாளர் விளையாட்டுகளைத் தடுக்க வேண்டியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனுவை எண்ணியவர்கள், மனுவுக்குப் பின்னால் இருந்த காரணத்தையும் கொஞ்சம் எண்ணியிருக்கலாம்.

கட்டணத்தை ஏற்றியும் ஐடியா சாகவில்லை. 2019-இல் தெலங்கானாவின் நிஜாமாபாத் எம்.பி. தொகுதியில் மஞ்சள் விவசாயிகள் கூட்டமாக மனுப்போட்டு, மொத்தம் 185 பேர் நின்றார்கள். எம்.பி. தேர்தலுக்கு டெபாசிட் 25,000! ஒரு வோட்டிங் மெஷின் பெட்டியில் 16 பெயர்தான் அடங்கும் என்பதால், ஒவ்வொரு பூத்திலும் 12 பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள். அவர்கள் கேட்டது நியாயமான விலை, ஒரு மஞ்சள் வாரியம். முதலமைச்சர் மகள் கவிதா அங்கே தோற்றார். வாரியம் தருகிறேன் என்று பாண்டு பேப்பரில் எழுதிக்கொடுத்த பி.ஜே.பி.யின் அர்விந்த் ஜெயித்தார். 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் நிஜாமாபாத்திலேயே ஆரம்பமானது. ஆறு வருஷமானாலும் வந்ததல்லவா? ஈரோட்டு மஞ்சள்காரர்கள் இதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

மொடக்குறிச்சிக்காரர்கள் அதற்கப்புறம் யாரையும் நிரந்தரமாக உட்கார விடவில்லை. 2001-இல் அ.தி.மு.க., 2006-இல் காங்கிரஸ், 2011, 2016 இரண்டிலும் அ.தி.மு.க. 2021-இல் அதே சுப்புலட்சுமி ஜெகதீசன் மறுபடி நின்றார். எதிரே பி.ஜே.பி.யின் டாக்டர் சரஸ்வதி. அம்மா தோற்றது 281 ஓட்டில்.

281 என்றால் நெருக்கி அடைத்த டவுன் பஸ்ஸில் நாலைந்து பஸ் கூட்டம். 1996-இல் நின்றவர்களில் கால்வாசிக்குச் சற்று மேல்.